லீபிக்கின் இறைச்சிச் சாறு

ஜெர்மனியில் ஓரளவு பெரிய ஊர் எதற்குப் போனாலும் லீபிக் பெயரில் ஒரு தெரு இருக்கும். நான் முதுநிலைப் பொறியியல் படித்த டார்ம்ஸ்டாட் அவர் பிறந்த ஊர். இப்போது வேலை பார்க்கும் மியூனிக் அவர் இறந்த ஊர். இடையில் அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் சொன்ன கீஸன் நகரத்துப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வேதியியல் படித்தவர்களுக்கு யூஸ்டுஸ் ஃபான் லீபிக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மென்பொருள்காரனான எனக்கு அவர் அறிமுகமானது வேறொரு வழியில். ஜிம்மில் என்னைச் சுற்றியுள்ளவர்கள் கலக்கிக் குடிக்கும் புரதப் பொடி, கிரியேட்டின் முதலியவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது, எந்தப் பாதையில் போனாலும் அது இவர் வீட்டு வாசலில் போய் நின்றது.

1803-ஆம் ஆண்டு மே 12 அன்று பிறந்தவர். தந்தை சாயம், மெருகெண்ணெய், மருந்துச் சரக்கு விற்கும் வியாபாரி. கடைக்குப் பின்னாலேயே சிறு பட்டறை வைத்துச் சரக்கைத் தாமே தயாரித்தார். பையன் அங்கேதான் வளர்ந்தான். பள்ளியில் படிப்பு ஏறவில்லை. பெரியவன் ஆனதும் என்ன செய்யப் போகிறாய் என்று ஆசிரியர் கேட்க, வேதியியலாளன் ஆவேன் என்று சொல்லி வகுப்பே சிரித்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு தொழிலே கிடையாது. மருந்துக் கடைக்காரர் உண்டு, சாயக்காரர் உண்டு, அவ்வளவுதான்.

ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். சந்தையில் வித்தைக்காரன் ஒருவன் செய்து காட்டிய வெடி உப்பின் மேல் பையனுக்குத் தீராத மோகம். அதைச் செய்து பார்க்கப் போய்க் கூரையைக் கிளப்பிவிட்டான், கடைக்காரர் துரத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. தந்தையால் பயிற்சிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதே உண்மையான காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1815-ல் வெடித்த தம்போரா எரிமலையின் சாம்பல் வானை மூடி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் போனது. பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. பின்னாளில் அவர் தொட்டதெல்லாம் ஏதோ ஒரு வகையில் உணவைப் பற்றியே இருந்ததற்கு இதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

தந்தைக்கு அறிமுகமான காஸ்ட்னர் என்ற பேராசிரியரின் பின்னால் முதலில் பான் நகருக்கும் பிறகு எர்லாங்கனுக்கும் படிக்கப் போனார். எர்லாங்கனில் ஒரு சுவையான இடைச்செருகல். ஆகஸ்ட் ஃபான் பிளாட்டன் என்ற கவிஞர், பாரசீக கஸல் வடிவத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர், இந்த இளைஞர்மேல் ஆழ்ந்த அன்பு கொண்டு சானெட்டுகள் எழுதினார். வெடி உப்புக்கும் கவிதைக்கும் நடுவே லீபிக் என்ன நினைத்தார் என்பதை யார் அறிவார். மாணவர் கலவரம் ஒன்றில் மாட்டிக்கொண்டு அவர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. ஹெஸ்ஸே பிரபுவின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அங்கே அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் அவரைக் கண்டுகொண்டு கே-லுசாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டார். 1824-ல், இருபத்தொரு வயதில், ஹம்போல்ட்டின் பரிந்துரையோடு கீஸனில் பேராசிரியர்!

கீஸனில் அவருக்குக் கொடுத்த ஆய்வுக்கூடம் ஒரு பழைய படைமுகாமின் காவலர் கட்டடம். அது இன்று அருங்காட்சியகம். படிக்கும் காலத்தில் ஒரு சனிக்கிழமை டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். என்னைக் கட்டிப்போட்டது ஒரு சிறிய கண்ணாடிக் கருவி. முக்கோணமாக வளைத்த குழாயில் ஐந்து குமிழ்கள். கரிமப் பொருளை எரித்தால் வரும் கரியமில வாயு, குமிழ்களில் உள்ள பொட்டாஷ் கரைசலில் மாட்டிக்கொள்ளும். கருவியை முன்னும் பின்னும் எடை போட்டால் பொருளில் எவ்வளவு கார்பன் என்று தெரிந்துவிடும். 1831-ல் அவர் வடிவமைத்தது. அதற்கு முன் மேதைகள் மட்டுமே, அதுவும் வாரக்கணக்கில் செய்து வந்த வேலையை, அதற்குப் பின் சாதாரண மாணவன் ஒரு நாளில் முடித்தான். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் இந்த ஐந்து குமிழ்களை இன்றும் காணலாம். ஹாஃப்மன், கெக்குலே, எர்லன்மயர், பெட்டன்கோஃபர் என்று அந்தக் காவலர் கட்டடத்தில் பயின்றவர்களின் பட்டியலே ஒரு நூற்றாண்டு வேதியியலின் வரலாறு. மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து ஆராய்ச்சியைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அளவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அளந்ததிலிருந்து தாவுவதில்தான் சிக்கல். 1840-ல் வேளாண் வேதியியல் நூல் வந்தது. பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தாது உப்புகளைத் திருப்பித் தரவேண்டும் என்ற பெரிய கருத்தை உலகெங்கும் பரப்பியது அதுதான். உடனே ஒரு காப்புரிமை உரம் தயாரித்து, நண்பர் மஸ்பிராட்டின் தொழிற்சாலை மூலம் 1845-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்டார். மழையில் உப்பு கரைந்து ஓடிவிடுமோ என்று பயந்து, எளிதில் கரையாதபடி உருக்கிச் செய்திருந்தார். கரையாத உப்பைச் செடி எப்படி உறிஞ்சும்? உரம் வயலில் கல்லாகக் கிடந்தது. சோதிக்காமல் வாடிக்கையாளர் தலையில் கட்டிய மென்பொருளை எனக்குத் தெரியும் என்பதால் இந்த இடத்தில் அவரை என்னால் சிரிக்காமல் கடக்க முடியவில்லை.

நம் கதைக்கு முக்கியமானது 1842-ல் வந்த விலங்கு வேதியியல் நூல். அதில் உணவை அவர் இரண்டாகப் பிரித்தார். நைட்ரஜன் உள்ள உணவு உடலைக் கட்டும். மாவும் கொழுப்பும் மூச்சில் எரிந்து உடலுக்குச் சூடு தரும். இதுவரை சரிதான் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு படி ஏறினார். தசை வேலை செய்யும்போது தசையே எரிகிறது. அந்த இழப்பைப் புரதம் ஈடு செய்கிறது. எரிந்ததன் சாம்பல்தான் சிறுநீரில் வரும் யூரியா. ஆகவே உழைப்பவனுக்கு வலிமை தருவது புரதம் மட்டுமே, அதிலும் சிறந்தது இறைச்சி. யூரியாவை அளந்தால் ஒருவன் எவ்வளவு உழைத்தான் என்று சொல்லிவிடலாம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் உழைக்கும் மனிதன் ஒருவனை வைத்துக்கூட அவர் இதைச் சோதிக்கவில்லை. எல்லாம் காகிதத்தில் போட்ட சமன்பாடுகள். அந்த நூலை ஸ்வீடனின் பெர்ஸீலியஸுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருந்தார். பெர்ஸீலியஸ் அதைக் கற்பனை வேதியியல் என்று கடிந்தார். பழைய நட்பு அதோடு முறிந்தது. புரதம் என்ற பொருளுக்கு இன்று உலகம் வழங்கும் புரோட்டீன் என்ற பெயரை 1838-ல் அச்சேற்றிய டச்சுக்காரர் முல்டரோடும் சண்டை. லீபிக் யாரோடுதான் சண்டை போடவில்லை? ஃப்ரீட்ரிஷ் வோலர் ஒருவர்தான் ஆயுள் முழுக்கத் தாக்குப்பிடித்த நண்பர்.

கோட்பாடு வேகமாகப் பரவியது. லீபிக் செய்தித்தாளில் வேதியியல் கடிதங்கள் எழுதினார். சாதாரண மக்கள் படித்தார்கள், பல மொழிகளில் பெயர்த்தார்கள். தசைக்குத் தசை என்ற எண்ணம் எளிதில் மனதில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நூற்று எண்பது ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இரண்டரைக் கிலோ வே புரோட்டீன் டப்பா ஒன்று, கிரியேட்டின் ஒன்று, உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் ஏதோ ஒரு சிவப்புப் பொடி ஒன்று. ஒரு காலத்தில் நம்மிடம் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கேட்ட ஊர் இது. பட்டியலுக்குக் கீழே, இதெல்லாம் உடம்புக்கு ஒன்றும் செய்யாதே மாமா என்று ஒரு கேள்வி. வேலை செய்யுமா என்று அவன் கேட்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கையின் வேர் 1842-ல் இருக்கிறது.

அடுத்தது 1847. இறைச்சியில் என்னென்ன இருக்கின்றன என்று லீபிக் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1832-ல் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்து கிரியேட்டின் என்று பெயரிட்டிருந்தார். கிரேக்கத்தில் இறைச்சி என்று பொருள். மற்றவர்கள் தேடிக் கிடைக்காததால் அது உண்மையா என்றே சந்தேகம் இருந்தது. லீபிக் பல பாலூட்டிகளின் தசையை எடுத்து அரைத்து, பிழிந்து, எல்லாவற்றிலும் அது இருப்பதை நிறுவினார். அமிலத்தோடு சூடாக்கினால் அது இன்னொரு பொருளாக மாறுவதையும், அந்த இரண்டாவது பொருள் சிறுநீரில் இருப்பதையும் கண்டு, அதற்கு கிரியேட்டினின் என்று பெயர் வைத்தார். கூடவே ஒரு நரிக் கதை. வேட்டையில் ஓட ஓட விரட்டிக் கொல்லப்பட்ட நரியின் தசையில், கூண்டில் அடைத்துத் தீனி போட்டு வளர்த்த நரியைக் காட்டிலும் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்ததாகப் பதிவு செய்தார். உழைப்பால்தான் கிரியேட்டின் சேர்கிறது என்பது அவர் கருத்து. பத்து மடங்கு என்பதை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். தசையில் சேரக்கூடிய அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எவ்வளவு ஓடினாலும் அது தாண்டாது. ஆனால் தசையின் வேலைக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற மோப்பம் சரியானது. வேட்டை நாயின் மோப்பம் என்றே சொல்லலாம்.

அதே ஆராய்ச்சியில் இறைச்சிச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி எடுக்கும் முறையும் வந்தது. மெலிந்த இறைச்சியைக் கொத்தி, நீரில் ஊற வைத்து, சூடாக்கி, உறைந்த புரதத்தையும் மிதக்கும் கொழுப்பையும் வடித்து நீக்கிவிட்டுச் சுண்டக் காய்ச்சினால், பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு மாதிரி ஒன்று மிஞ்சும். முப்பது கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ பாகு. கொழுப்பும் ஜெலட்டினும் இல்லாததால் கெடாது. 1852-ல் பவேரிய அரசர் அழைப்பில் லீபிக் மியூனிக்குக் குடிபெயர்ந்தார். (அடுத்த ஆண்டே அரச குடும்பத்தார் முன்னிலையில் நடந்த சொற்பொழிவில் குடுவை வெடித்து அரசிக்குச் சிராய்ப்பு, வெடி உப்பு நாள்களின் வாசனை போகவில்லை.) மியூனிக்கின் அரசவை மருந்தகம் இந்தப் பாகை நோயாளிகளுக்காகச் சிறிய அளவில் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் இறைச்சி விற்ற விலைக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

தென் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தோலுக்காக மாடுகளைக் கொன்று, உண்ண ஆளில்லாமல் இறைச்சியை அழுகவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த கீபெர்ட் என்ற ஜெர்மன் ரயில்வே பொறியாளர் 1862-ல் மியூனிக் வந்து லீபிக்கைச் சந்தித்தார். உருகுவேயில் ஃப்ரே பென்டோஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் தொழிற்சாலை எழுந்தது. 1865-ல் லண்டனில் லீபிக் பெயரிலேயே கம்பெனி பதிவானது. தன் பெயரை அவர் சும்மா தரவில்லை. வரும் சரக்கின் மாதிரிகளை அவரும் பெட்டன்கோஃபரும் மியூனிக்கில் சோதித்துத் தரச்சான்று தரவேண்டும் என்பது ஒப்பந்தம். புட்டியின் மேல் அவர் கையெழுத்து. மூன்றாம் நபரின் தரச் சோதனை என்று இன்று பொடி டப்பாக்களில் போடுகிறார்களே, அதன் முன்னோடி. சோதனையும் நேர்மையாகவே நடந்தது. உள்ளே இருப்பது கலப்படமற்ற இறைச்சிச் சாறு என்பது உறுதி. அந்தச் சாறு உடம்புக்கு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதை யாரும் சோதிக்கவில்லை.

விளம்பரங்கள் சும்மா இருக்குமா? முப்பது கிலோ இறைச்சியின் வலு ஒரு கிலோவில் என்று படிப்பவர் புரிந்துகொள்ளும்படியே எழுதினார்கள். நோயாளி, படைவீரன், களைத்த தொழிலாளி, எல்லோருக்கும் அதுவே மருந்து. ஆனால் புரதமே வலிமை என்று இருபது ஆண்டுகளாக உபதேசித்தவரின் கையெழுத்து இருந்த புட்டியில் புரதம் ஏறக்குறைய இல்லை! வடித்து நீக்கிய கழிவில்தான் அது போனது. மிஞ்சியவை உப்புகள், மணம், சுவை, அப்புறம் கொஞ்சம் கிரியேட்டின். மருத்துவர்கள் இதைச் சொல்லத் தொடங்கியபோது லீபிக் விளக்கத்தை மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில், தேநீரும் காப்பியும் போல இது நரம்புக்கு ஊக்கம் தருவது, வழக்கமான பொருளில் சத்துணவு ஆகாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். புட்டியின் விற்பனை குறையவில்லை.

கிரியேட்டின் எவ்வளவு இருந்திருக்கும்? பொறியாளன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ பச்சை மாட்டிறைச்சியில் நான்கு ஐந்து கிராம் கிரியேட்டின் உண்டு. முப்பது கிலோவில் 135 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி வீணாகாமல் எல்லாம் அந்த ஒரு கிலோ பாகில் இறங்கியது என்றாலும், ஐந்து கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியில் முக்கால் கிராம்கூட வராது. காய்ச்சும்போது ஒரு பகுதி கிரியேட்டினினாக மாறிவிடும், அது பயன்படாது. இன்று ஆய்வுகள் சொல்லும் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் வேண்டுமென்றால் அந்த உப்புப் பாகை எட்டுத் தேக்கரண்டி வரை விழுங்க வேண்டும். எந்த வீட்டில் அப்படிக் குடித்திருப்பார்கள்? வேலை செய்யக்கூடிய ஒரே பொருள் புட்டிக்குள் இருந்தும் அளவு போதவில்லை. விற்றவருக்கும் அது தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இதே காலத்தில் குழந்தை உணவு ஒன்றையும் அவர் வெளியிட்டார். தாய்ப்பால் கொடுக்க இயலாத தன் மகளின் பிள்ளைக்காக, கோதுமை மாவு, முளைகட்டிய பார்லி மாவு, பசும்பால், கொஞ்சம் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. தாய்ப்பாலில் உள்ள கூறுகளின் விகிதத்துக்கு ஒத்துவரும்படி கணக்கிட்டுச் செய்தது. 1867-ல் பாரிஸில் தெபோல் என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகள் நால்வருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். சில நாள்களுக்குள் நால்வரும் இறந்துபோயினர். குழந்தைகள் ஏற்கெனவே நலிந்தவை, கஞ்சி சரியாகத் தயாராகவில்லை என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன. மருத்துவக் கழகத்தில் பெரிய சச்சரவு நடந்தது. பேரப்பிள்ளை அதைக் குடித்துத்தான் வளர்ந்தது, வேறு பல குழந்தைகளும் வளர்ந்தன. அந்த நான்கு குழந்தைகள் எதனால் இறந்தன என்று இனிச் சொல்ல வழியில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. கூறுகளை அளந்து விகிதத்தைப் பொருத்திவிட்டால் உணவு தயார் என்ற எண்ணத்துக்குக் கொடுத்த விலை இந்த முறை வயலில் கிடந்த கல் உரம் அல்ல.

புரதக் கோட்பாட்டுக்குச் சோதனை ஒரு மலையில் நடந்தது. 1865 ஆகஸ்ட் இறுதியில் அடால்ஃப் ஃபிக், யோஹானஸ் விஸ்லிஸேனுஸ் என்ற இரண்டு ஜூரிச் பேராசிரியர்கள், பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபௌல்ஹார்ன் சிகரத்துக்கு ஏறினார்கள். ஏற்றம் 1956 மீட்டர். முதல் நாள் நண்பகலிலிருந்தே புரதத்தைத் தொடவில்லை. மாவுச்சத்தைக் குழைத்துக் கொழுப்பில் பொரித்த பணியாரமும் சர்க்கரை போட்ட தேநீரும்தான் சாப்பாடு. ஏறும்போதும், ஏறி முடித்துச் சில மணி நேரம் வரையிலும் கழித்த சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்தார்கள். அதிலிருந்த நைட்ரஜனைக் கொண்டு கணக்கிட்டால், ஆளுக்கு 37 கிராம் அளவு புரதம்தான் உடலில் செலவாகியிருந்தது. ஃபிக்கின் எடை 66 கிலோ. அதை 1956 மீட்டர் தூக்குவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 37 கிராம் புரதம் எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பதை மறு ஆண்டு லண்டனில் எட்வர்ட் ஃப்ராங்க்லண்ட் அளந்து சொன்னார். ஃபிக்கின் சகோதரியை மணந்தவர் அவர்; ஒரு காலத்தில் கீஸனில் லீபிக்கிடம் பயின்றவரும்கூட. விடை என்னவென்றால், அந்தப் புரதம் அத்தனையும் வீணாகாமல் வேலையாக மாறினாலும், ஏறிய உயரத்தில் பாதிக்குத்தான் தேறும். உடல் எந்திரம் அப்படி வீணாக்காமல் வேலை செய்வதும் இல்லை. மீதியை ஏற்றி விட்டது மாவும் கொழுப்பும்தான். ஒரு சிறுநீர்க் குடுவையும் ஒரு தராசும் இருந்தால் போதும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே லீபிக் செய்திருக்கலாம். இத்தனைக்கும் அளப்பதில் மன்னன் அவர்தான்.

1870-ல் அவர் நீண்ட பதில் எழுதினார். செய்த வேலைக்கு யூரியா அளவுகோல் ஆகாது என்று ஒப்புக்கொண்டார். தசையின் ஆற்றலுக்கு மூலம் புரதமே என்ற பிடியை விடவில்லை. 1873 ஏப்ரல் 18 அன்று மியூனிக்கில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். பழைய தெற்கு இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மாக்ஸிமிலியன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அலுவலகத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.

பெயர் மட்டும் ஓயவில்லை. ஃப்ரே பென்டோஸ் தொழிற்சாலை 1979 வரை ஓடியது. 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கம்பெனி வெளியிட்ட வண்ண அட்டைகளை ஐரோப்பியப் பழஞ்சந்தைகளில் இன்றும் பார்க்கலாம். பேராசிரியர் கையெழுத்துக்குப் பின் பயில்வான் கையெழுத்து வந்தது. நம்மூரில் சாண்டோ சின்னப்பா தேவர் என்று பட்டமாகவே ஆகிப்போன அந்த யூஜின் சாண்டோ, பாலிலிருந்து எடுத்த பிளாஸ்மான் என்ற புரதப் பொடிக்குத் தன் பெயரைக் கொடுத்தார். அவர் உடம்பைப் பார்த்துப் பொடி வாங்கினார்கள். அந்த உடம்பு பொடியால் வந்ததில்லை.

கிரியேட்டின் விஷயம் அறுபது எழுபது ஆண்டுகள் பெரிதாக நகரவில்லை. 1927-ல் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரும் அவருடைய இந்திய மாணவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். தசை திடீரென்று முழு வலுவோடு இயங்கும் முதல் சில நொடிகளுக்கு எரிபொருள் கைமாற்றுக் கொடுப்பது அதுதான். அந்த இந்தியர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியதால் கல்லூரியில் உரிய பட்டம் மறுக்கப்பட்டவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு 1992-ல் ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹுல்ட்மன் மூவரும், ஒரு வேளைக்கு ஐந்து கிராமாக நாளுக்கு நான்கிலிருந்து ஆறு வேளை கிரியேட்டின் கொடுத்து, தொடைத் தசையிலிருந்து மாதிரி எடுத்து அளந்தார்கள். தசையில் கிரியேட்டின் உண்மையிலேயே கூடியது. முதலில் குறைவாக இருந்தவர்களுக்கு அதிகம் கூடியது. சைவ உணவுக்காரர்களுக்கு இயல்பிலேயே குறைவு என்பதால் நம்மில் பலருக்கு இது கவனிக்கத்தக்க செய்தி.

இனி மருமகனின் பட்டியல். கிரியேட்டின் வேலை செய்கிறது. குறுகிய நேரத்தில் முழு வலுவோடு திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகளுக்கு. முதல் வாரத்தில் ஏறும் எடையில் பெரும்பகுதி நீர். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் கேடு செய்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. புரதப் பொடியைப் பற்றி 2018-ல் 49 ஆய்வுகளை, 1,863 பேரை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குச் சில வாரப் பயிற்சியில் கூடுதலாகக் கிடைத்த கொழுப்பில்லா உடல் எடை சராசரியாக 0.3 கிலோ. அதுவும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நாள்தோறும் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தின்றாலும் பயன் கூடவில்லை. பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று வீட்டுச் சாப்பாட்டில் அந்த அளவை எட்டுபவனுக்கு டப்பா வெறும் வசதி. எட்டாதவனுக்கு உதவும். மந்திரம் ஒன்றும் இல்லை.

டப்பாவில் எழுதியிருக்கும் புரதக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிப் புரதம் என்று போடுகிறார்கள். நைட்ரஜன் உள்ள எந்த மலிவுச் சரக்கைக் கலந்தாலும் எண் ஏறும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளைக் கொன்றது இந்த ஓட்டை வழியாகத்தான். பயிற்சிப் பொடிகளில் கிளைசின், டாரின், சில சமயம் கிரியேட்டினையே கலந்து புரதக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். அமெரிக்காவில் 1994 சட்டப்படி இத்தகைய பொடிகளைச் சந்தைக்கு விடுமுன் யாரும் அரசிடம் பயனையோ பாதுகாப்பையோ நிரூபித்து ஒப்புதல் பெற வேண்டியதில்லை. தீங்கு தெரிந்த பிறகுதான் தடை. எபிட்ரா என்ற மூலிகைச் சரக்கு பலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கொடுத்துச் சிலரைப் பலிகொண்ட பிறகு 2004-ல் தடை செய்யப்பட்டது. அதனால்தான் அந்தச் சிவப்புப் பொடியைப் பட்டியலிலிருந்து அடித்தேன். பல சரக்குகளைக் கலந்து, எது எவ்வளவு என்று சொல்லாமல் மொத்த எடையை மட்டும் அச்சிட்டிருக்கும் எதையும் என் கையால் வாங்கித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். கிரியேட்டின் மட்டும், வேறு எதுவும் கலக்காதது, சுயேச்சையான சோதனைக்கூடத்தின் முத்திரை உள்ளது, வாங்கிப் போனேன்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். இது என் அனுபவம். சென்ற ஆண்டு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் என் கிரியேட்டினின் அளவு மேல் எல்லையைச் சற்றே தாண்டி, தாளில் தடித்த எழுத்தில் வந்திருந்தது. மருத்துவர் அம்மா சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிரியேட்டின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விழுங்கும் கிரியேட்டினில் ஒரு பகுதி அதுவாக மாறி ரத்தத்தில் ஏறும் என்று விளக்கிவிட்டு, சில வாரம் நிறுத்தச் சொல்லி மீண்டும் எடுத்துப் பார்த்தார். கூடவே தசையையும் உணவையும் அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு சோதனையும். இரண்டும் சரியாக இருந்தன. கோயம்புத்தூரில் அவன் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், ஊசி போடுமுன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்: கிரியேட்டின் எடுக்கிறேன், எத்தனை கிராம், எத்தனை நாளாக என்று.